திவான் சேஷையா சாஸ்திரியும் நம்ம ஊர்த் தண்ணீரும்



சந்திப்பு மலருக்குப் பழைய நினைவுகள் நிறைய வந்துவிட்டன, நீங்கள் வேறு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் எழுத்தாளன் இல்லை. நம் மன்னர் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, அதற்குப் பிறகு பொறியியல் சேர்ந்து, இப்போது குடிநீர்க் குழாய்த் திட்டங்களுக்கு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன். எனக்குத் தெரிந்தது தண்ணீர் ஒன்றுதான். அதனால் தண்ணீரைப் பற்றியும், அதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு மனிதரைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். அந்த மனிதர் இல்லையென்றால் நம் கல்லூரியும் இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அவர் வாழ்க்கை தெரியும் என்று கேட்டால், கை தூக்குகிறவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அவர் சர் அ. சேஷையா சாஸ்திரி. 1878 முதல் 1894 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தை நிர்வாகம் செய்தவர். ஊரை நவீனமாக்கிய திவான், கட்டடம் கட்டிய திவான் என்றுதான் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு பொறியாளன் கண்ணோடு அவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. புதிதாகக் கட்டியதைவிட, ஏற்கெனவே இருந்ததைத் துடைத்து, தூர் வாரி, கணக்கு எழுதி, நடக்க வைத்ததுதான் அவர் செய்த பெரிய வேலை. பராமரிப்பு என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோமே, அதற்கு ஒரு மனிதர் தம் வாழ்க்கையில் 16 ஆண்டுகளைக் கொடுத்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

சாஸ்திரியார் 1828ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி தஞ்சை மாவட்டத்தில் அமராவதி என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். ஏழை வைதீகக் குடும்பம். உறவினர் ஆதரவில் சிறு வயதிலேயே சென்னைக்குப் போனார். அன்றைக்குச் சென்னையில் பல்கலைக்கழகம் இன்னும் முழு வடிவம் பெறவில்லை. அது 1857இல்தான் வந்தது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் ஒரு கல்வி நிலையம் நடந்தது. பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆனது அதுதான். அங்கே ஈ. பி. பவல் என்ற ஆங்கிலேய ஆசிரியர் கணிதமும் அறிவியலும் நடத்தினார். அவரிடம் படித்த சில பையன்கள் பிற்காலத்தில் இந்தியாவின் பெரிய சமஸ்தானங்களை நிர்வாகம் செய்தார்கள். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா திவானாக இருந்த சர் டி. மாதவராவ் அதில் ஒருவர். அவரும் 1828இல் பிறந்தவர்தான். மைசூர் திவான் ரங்காசார்லுவும் அதே தலைமுறையைச் சேர்ந்தவர்.

நல்ல ஒரு ஆசிரியர் கையில் அகப்பட்ட ஏழைப் பையன் எங்கே போய்ச் சேருவான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? நம் கல்லூரியில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து படித்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். நமக்கு இது புதிய கதை இல்லை.

1848இல் படிப்பை முடித்த சாஸ்திரியார் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேஜையிலிருந்து கிளம்பி தாசில்தார் ஆனார். பிறகு மசூலிப்பட்டினத்தில் தலைமை சிரஸ்தார் ஆனார். இன்றைய ஆந்திரத்தின் கடற்கரை அது. நில அளவு, தீர்வை, கிராமக் கணக்கு என்று எல்லாவற்றையும் கீழிருந்து கற்றுக்கொண்டவர் அவர். மேலே இருந்து திட்டம் தீட்டுகிறவர்களுக்கும், கீழே கர்ணத்தின் கணக்குச் சுவடியைப் புரட்டிப் பழகியவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் அவருடைய எல்லா வேலைகளிலும் தெரியும்.

1872 மே மாதம் திருவிதாங்கூர் திவானாக நியமிக்கப்பட்டார். மாதவராவ் விட்டுப்போன நாற்காலி அது. ஆண்டு வரவு என்ன, செலவு என்ன என்று முன்கூட்டியே முறையாக மதிப்பீடு போடும் பழக்கத்தை அந்த சமஸ்தானத்தில் ஏற்படுத்தியவர் இவர்தான். இன்றைக்கு நாம் பட்ஜெட் என்று சொல்கிறோமே, அது. 1877 மே மாதம் அங்கிருந்து விலகினார். வயது 49. பெரிய பதவியைப் பார்த்தாயிற்று, ஊரோடு போய் இருக்கலாம் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் அதற்குப் பிறகு புதுக்கோட்டைக்கு வருவது என்பது, பெரிய மாநகராட்சியில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஒரு சின்னப் பேரூராட்சிக்கு வருவது மாதிரி. ஆனால் அவர் வந்தார்.

1878இல் நம்ம ஊர்

அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானம் சுமார் 1,178 சதுர மைல். அரசர் ராமச்சந்திர தொண்டைமான். இசையிலும் நாடகத்திலும் ஈடுபாடு கொண்டவர். கஜானாவோ கடனில் கிடந்தது. இதைக் காரணம் காட்டி ஆங்கிலேய அரசு அவருக்கு நெருக்கடி கொடுத்துக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷம் என்று சொல்லும்போது குரல் தாழ்வதைக் கேட்டிருப்பீர்கள். 1871 கணக்கெடுப்பில் 3,16,000 சொச்சமாக இருந்த சமஸ்தானத்து மக்கள்தொகை, 1881இல் 3,02,000 சொச்சமாகக் குறைந்திருந்தது. பத்து ஆண்டில் கூட வேண்டிய எண்ணிக்கை குறைகிறது என்றால், எத்தனை வீட்டில் விளக்கு அணைந்திருக்க வேண்டும்!

நம் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளாறும் அக்னியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஆறு, இல்லையென்றால் மணல். ஐப்பசி கார்த்திகையில் அடிக்கிற வடகிழக்குப் பருவமழைதான் பெரிய நம்பிக்கை. அந்த மழையைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர்கள் ஊருக்கு ஊர் கண்மாயும் ஏந்தலும் ஊருணியும் வெட்டி வைத்தார்கள். இன்றைய மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் நீர்நிலைகள் உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சிட்டியில் வளரும் தம்பிகளுக்காக ஒரு வார்த்தை. கண்மாய் என்பது வெறும் பள்ளம் இல்லை. அது ஒரு எந்திரம். தண்ணீரைக் கொண்டு வருவது வரத்து வாய்க்கால். தாங்கி நிற்பது கரை. வயலுக்கு அளந்து விடுவது மடை. நிறைந்த பிறகு மிச்சத்தைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலிங்கு. மேல் கண்மாயின் கலிங்குத் தண்ணீர் கீழ்க் கண்மாயின் வரத்து. இப்படிச் சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். நம் மாவட்டத்துக் கண்மாய்களுக்குள் இரண்டு கல்தூண் நட்டு நிற்கிற குமிழிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் சிலவற்றில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டுகூட இருக்கிறது. கீழே இருக்கிற துளையை அடைத்துத் திறக்கும் மதகு அது. அடியில் சேரும் சேற்றையும் தண்ணீரோடு கொஞ்சம் இழுத்து வெளியேற்றும் வகையில் அமைத்திருக்கிறார்கள். நான் பொறியியல் கல்லூரியில் படித்த பாடத்துக்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருக்கிற எல்லாக் கண்மாயும் பாதிக்கப்படும். வரத்து வாய்க்கால் தூர்ந்தால் மழை பெய்தும் கண்மாய் நிறையாது. ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். பத்து ஏக்கர் ஊருணியில் ஒரே ஒரு அடி உயரத்துக்கு வண்டல் படிந்தால், போகிற கொள்ளளவு சுமார் 1 கோடியே 23 லட்சம் லிட்டர். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்று வைத்தால், 67 குடும்பங்களுக்கு ஒரு வருஷத் தண்ணீர். வெயிலில் ஆவியாகப் போவதைக் கழித்தாலும் சின்னக் கணக்கு இல்லை. இது ஒரு அடிக்கு. நம் ஊருணிகளில் எத்தனை அடி வண்டல் கிடக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

களத்து நெல்லும் அமானியும்

சாஸ்திரியார் வந்ததும் முதலில் கை வைத்தது நிலவரி விஷயத்தில். அப்போது சமஸ்தானத்தில் பெரும்பகுதி நிலத்துக்கு அமானி என்ற முறை இருந்தது. வரி பணமாக இல்லை, விளைச்சலில் பங்கு. சர்க்கார் பங்கு மேல்வாரம், உழுதவன் பங்கு குடிவாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். விளைந்தால் கொடு, விளையாவிட்டால் கொடுக்க வேண்டாம்.

நடைமுறை அப்படி இல்லை. கதிர் முற்றினாலும் அதிகாரி வந்து பார்க்காமல் அறுக்க முடியாது. அறுத்தாலும் அளக்காமல் களத்திலிருந்து எடுக்க முடியாது. அம்பாரத்தின் மேல் முத்திரை வைத்து, காவலுக்கு ஆள் போட்டு, அந்தக் காவலாளியைப் பார்க்க இன்னொரு ஆள் போட்டு, அத்தனை பேருக்கும் படி அளக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால் நெல் முளைத்துவிடும். குடியானவன் தன் நெல்லைத் தானே திருடும் நிலைமை. சர்க்காருக்கு வந்து சேருவதோ, மிச்சம் மீதி. அந்த நெல்லும் களஞ்சியத்தில் கிடந்து மட்கும். இரண்டு பக்கமும் நஷ்டம், நடுவில் இருந்தவர்களுக்கு மட்டும் லாபம்.

பதவியேற்ற சில ஆண்டுகளுக்குள் சாஸ்திரியார் இந்த முறையை எடுத்துவிட்டு, நிலத்துக்கு ரொக்கத் தீர்வை நிர்ணயம் செய்தார். குடியானவன் தன் நெல்லைத் தானே அறுத்து, தானே வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்பது அன்றைக்குப் பெரிய விடுதலை. சமஸ்தானத்துக்கும் இவ்வளவு வரும் என்று ஒரு நிச்சயம் கிடைத்தது. வரவு நிச்சயமானால்தானே செலவைத் திட்டமிட முடியும்? சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குளம் எல்லாம் அந்த நிச்சயத்தின் மேல்தான் எழுந்தன.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பங்கு முறையில் மழை பொய்த்தால் சர்க்காருக்கும் நஷ்டம். ரொக்கத் தீர்வையில் கண்மாய் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குடியானவன் கட்டியாக வேண்டும். தள்ளுபடி கிடைத்தால் உண்டு. ஆகவே கண்மாயைச் சரியாக வைத்திருப்பது சர்க்காரின் கடமை என்பது இந்தப் புதிய முறையில் இன்னும் பலமாகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பல்லவன் குளமும் புதுக்குளமும்

நம்ம டவுனைப் பாருங்கள். கீழ ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி, அப்புறம் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று நூல் பிடித்த மாதிரி போகும். வெளியூர் நண்பர்கள் வந்தால் வழி தவற மாட்டார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இந்தத் தெரு அமைப்பு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் சாஸ்திரியார் வந்தபோது ஊர் பராமரிப்பு இல்லாமல் கிடந்தது. அவர் சாலைகளைச் செப்பனிட்டார், பொதுக் கட்டடங்கள் எழுப்பினார். ஊருக்கு நடுவில், சாந்தநாத சுவாமி கோயில் பக்கத்தில் இருக்கிற பல்லவன் குளத்தையும், புதுக்குளத்தையும் புதுப்பித்தார்.

இதை ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அன்றைக்குக் குழாய் கிடையாது, குளோரின் கிடையாது. ஊர் குடித்தது குளத்துத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும். குளம் கெட்டால் காலரா. கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று நம்பிய டாக்டர்கள் அப்போது உலகம் முழுக்க இருந்தார்கள். ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எகிப்திலும், பிறகு கல்கத்தாவிலும் ஆராய்ச்சி செய்து, காலராக் கிருமியைத் தண்ணீரோடு சேர்த்துக் காட்டியது 1883, 1884 ஆண்டுகளில். கல்கத்தாவில் அவர் பரிசோதித்தது ஒரு குளத்துத் தண்ணீரைத்தான்! அந்தக் காலகட்டத்தில் நம் திவான் குளங்களைச் சுத்தம் செய்வதை நிர்வாகத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்திருந்தார். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே அப்போது புழக்கத்தில் இல்லை. பதவிப் பெயரில் அது இல்லாவிட்டாலும் அவர் பார்த்தது அந்த வேலைதான்.

1884இல் நம் ஊருக்குத் தபால் தந்தி அலுவலகம் வந்ததும் அவர் முயற்சியால்தான்.

நம் கல்லூரி

இனி நம் வீட்டு விஷயம். 1857 முதல் அரசர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இங்கே இருந்தது. 1880ஆம் ஆண்டைத்தான் நம் கல்லூரி தன் பிறந்த ஆண்டாக வைத்திருக்கிறது. 1891இல் அது இரண்டாம் நிலைக் கல்லூரி ஆனது. இரண்டும் சாஸ்திரியார் காலத்தில் நடந்தவை. பவலிடம் தாம் பெற்றதை இந்த வறண்ட சீமையில் ஒரு பையனாவது பெற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

அந்த விதை எப்படி முளைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பதவியை விட்டுப் போய்ப் பத்து ஆண்டு சுமாருக்குள் முத்துலட்சுமி என்ற பெண் இங்கே மாணவியாகச் சேர்ந்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் முதல் பெண். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும் இங்கே படித்தவர்தான். சென்னை மேயராக இருந்தபோது நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழி தேடி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்ட வைத்தார். 1944இல் அது முடிந்தது; ஆனால் 1943இலேயே அவர் காலமாகிவிட்டார். அந்த நீர்த்தேக்கம் இன்றைக்கும் சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரில் இருக்கிறது. சென்னையில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஞாபகத்துக்கு வருவார்.

அரசப் பிரதிநிதியாக

1886இல் ராமச்சந்திர தொண்டைமான் காலமானார். அவர் சுவீகாரம் எடுத்திருந்த பேரன் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அப்போது 10 வயது. அவர் வயதுக்கு வரும்வரை, 1894 வரை, சாஸ்திரியாரே அரசப் பிரதிநிதியாக இருந்து ஆட்சி நடத்தினார். அதாவது திவானும் அவரே, ஏறக்குறைய அரசரும் அவரே. இவ்வளவு அதிகாரம் கையில் வந்தும் கஜானாவைக் கடனிலிருந்து மீட்டு, இளவரசரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு பெரிய காரியம் 1888இல் நடந்த இனாம் ஏற்பாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எனக்கு அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

சமஸ்தானத்து நிலத்தில் பெரும்பங்கு இனாமாக, மானியமாக விடப்பட்டிருந்தது. கோயிலுக்கு, பிராமணர்களுக்கு, அரண்மனைக்கு ஊழியம் செய்தவர்களுக்கு, படைவீரர்களுக்கு, கிராமத்தில் வேலை பார்த்தவர்களுக்கு. படை இல்லாமல் போன பிறகும் படைமானியம் இருந்தது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கே சரியான கணக்கு இல்லை. சாஸ்திரியார் அதையெல்லாம் கணக்கெடுத்து, பெரும்பாலான ஊழிய மானியங்களை, ஒரு சிறு தீர்வை விதித்து, வைத்திருந்தவருக்கே சொந்த நிலமாக மாற்றிக் கொடுத்தார். கணக்கு நேரானது. வருமானம் கூடியது. நிலம் வைத்திருந்தவனுக்கும் உரிமை உறுதியானது.

நிக்கலஸ் டிர்க்ஸ் என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றி 1987இல் எழுதிய பெரிய புத்தகத்தில் இந்த இனாம் ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நிலமும் ஊழியமும் சேர்ந்து கட்டியிருந்த பழைய உறவு இதனால் மாறிப் போனது என்பது அவர் கருத்து. அதைப் படித்தபோது எனக்கு உடனே கண்மாய்தான் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மடை திறந்து மூடுகிறவருக்கும், தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கும் இப்படித்தானே ஊர் ஒரு மானியம் விட்டிருந்தது? அந்த நிலத்தை அனுபவிப்பது மடையைப் பார்த்துக்கொள்வதற்காக. நிலம் சொந்தமாகிவிட்டால், மடையை யார் பார்ப்பது? சர்க்கார் பார்க்கும் என்றால், நல்ல திவான் இருக்கிறவரை சரி. அடுத்தவர் வந்தால்?

அந்த நூற்றாண்டில் இது நம் சமஸ்தானத்தில் மட்டும் நடந்ததில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மாவட்டங்களிலும் இதே திசையில்தான் போனார்கள். குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த வேலையைக் கட்டாயமாக்கச் சென்னை அரசு 1858இல் ஒரு சட்டமே போட்டது. ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் போட வேண்டி வந்தது என்றாலே, அது நின்றுகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம். சாஸ்திரியார் கணக்கில் கெட்டிக்காரர். மேலிருந்து செய்யும் நிர்வாகத்தை அவர் அளவுக்கு நேர்மையாகச் செய்தவர்கள் அபூர்வம். ஆனால் ஊர் தன் கையால் செய்து வந்த பராமரிப்புக்கு மாற்று ஏற்பாடு அந்தச் சீர்திருத்தத்தில் போதுமான அளவு இல்லை என்பது என் எண்ணம். மூத்த பேராசிரியர்கள் யாராவது இதை மறுத்து அடுத்த மலரில் எழுதினால் சந்தோஷமாகப் படிப்பேன்.

ஓய்வும் முடிவும்

1894இல் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் சாஸ்திரியார் ஓய்வு பெற்றார். 66 வயது. குமாஸ்தாவாகச் சேர்ந்த 1848இலிருந்து கணக்குப் போட்டால் 46 ஆண்டுகள். கும்பகோணத்தில் போய்த் தங்கினார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1902இல், அவர் வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. எழுதியவர் பி. வி. காமேசுவர ஐயர், நம் கல்லூரி ஆசிரியர். தாம் ஆரம்பித்து வைத்த கல்லூரியிலிருந்து ஒருவர் தம் கதையை எழுதுவதைப் பார்க்கும் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1903ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, 75ஆம் வயதில் காலமானார்.

அவருக்குப் பிறகு வந்த நிர்வாகிகளில் நல்லவர்கள் இருந்தார்கள். இளம் அரசரோ பின்னாளில் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்து, வெளிநாட்டிலேயே வாழ்ந்து, 1928இல் பாரிஸில் காலமானார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அரசர் போய், திவான் போய், கலெக்டர் வந்தார். கண்மாய்கள் மட்டும் அதே இடத்தில் இருக்கின்றன. சில தூர்ந்து, சிலவற்றில் கருவேலம் மண்டி, சிலவற்றின் வரத்து வாய்க்கால் தைலமரத் தோப்புகளுக்குள் வரப்புகளில் மறித்து நின்று.

இன்றைக்கு நமக்கு

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. நம் மாவட்டத்தில் தென்னையும் பலாவும் வேரோடு விழுந்த காட்சியை நாம் யாரும் மறக்க முடியாது. அடுத்த வருஷமே கடும் வறட்சி. அந்தச் சமயத்தில் நம் மாவட்டத்தின் பல கிராமங்களில் இளைஞர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் உட்பட, கையிலிருந்து காசு போட்டுத் தங்கள் ஊர்க் குளத்தைத் தாங்களே தூர் வாரினார்கள். யாருக்கும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. சர்க்காரும் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் கொண்டு வந்து நிறையக் கண்மாய்களில் வேலை செய்தது. காவிரி, வெள்ளாறு, குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் போட்டார்கள். அது நல்லபடியாக வந்து சேரட்டும். வந்தாலும் அந்தத் தண்ணீரை வாங்கி வைக்கக் கண்மாய் வேண்டுமே! ஓட்டைப் பானையில் காவிரியை ஊற்றி என்ன பிரயோசனம்?

சாஸ்திரியார் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. முதலாவது, கணக்கு. எத்தனை கண்மாய், எவ்வளவு ஆழம், எந்த மடை உடைந்திருக்கிறது, எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று எழுதி வைக்காமல் எதையும் காப்பாற்ற முடியாது. இரண்டாவது, அவரிடம் இல்லாத ஒன்று. எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஊர்க்காரர்கள் கையில் அந்த வேலை இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை வைக்கிறேன். பெரிசாக ஒன்றும் இல்லை. நம் கல்லூரியில் இயற்பியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, தாவரவியல் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, பொருளாதாரம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு ஊருணியை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஆழம் அளக்கட்டும், தண்ணீரைச் சோதிக்கட்டும், கரையில் என்ன மரம் என்று எழுதட்டும், ஊர்ப் பெரியவர்களிடம் பழைய வரத்து எது என்று கேட்டு வரைபடம் போடட்டும். அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேசுவோம். செலவுக்கு முன்னாள் மாணவர்கள் நாம் இருக்கிறோம். அளவெடுக்கும் கருவியும் அதைக் கற்றுக் கொடுக்க ஒரு வார விடுமுறையும் என் பங்கு. பத்து வருஷத்தில் பத்து ஊருணிக்குக் கணக்கு இருக்கும். அதை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

முதல் வருஷத்துக்கு எந்த ஊர் என்பதைப் பொதுக்குழுவில் முடிவு செய்யலாம். அதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். சந்திப்புக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை பல்லவன் குளம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதைச் சுத்தம் செய்து வைத்தவர்தான் நாம் படித்த கல்லூரியையும் ஆரம்பித்து வைத்தார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.